கைக்கடிகாரத் தொழிலில் பெண்கள்

கைக்கடிகாரத் தொழிலில் பெண்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகின்றனர். நுண்சங்கிலி கோத்தல், மயிரிழைச் சுருள்வில்லைப் பொருத்துதல், முகப்பில் எண்களைத் தீட்டுதல், உறுப்புகளை ஒன்றுசேர்த்தல் ஆகிய வேலைகள் பல நாடுகளில் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன. ஆனால் முகப்பில் பொறிக்கப்படும் பெயர், துல்லியப் போட்டிகளில் பரிசு பெறுபவரின் பெயர், நிறுவனத் தலைவரின் பெயர் ஆகியவை நெடுங்காலம் ஆண்களுடையவையாகவே இருந்தன. இந்த இடைவெளி எவ்வாறு உருவானது, ஊதியத்தையும் உயிரையும் அது எவ்வாறு பாதித்தது, எந்த அளவுக்கு மாறியுள்ளது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடிகாரத்தின் இயக்கமும் வேலைப் பிரிவினையும்

மின்கலம் இல்லாத எந்திரக் கடிகாரத்தில் சாவி கொடுக்கும்போது முதன்மைச் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல விரியும்போது வெளிப்படும் விசை, பற்சக்கரங்களின் வழியாகச் சமநிலைச் சக்கரத்தை அடைகிறது. இச்சக்கரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் ஆட்டத்தைச் சீராக வைத்திருப்பது, பழுதுபார்ப்பவர்கள் ஹேர்ஸ்பிரிங் என்று சொல்லும் மயிரிழைச் சுருள்வில் ஆகும்.

பழைய கைக்கடிகாரங்களில் பல ஒரு மணி நேரத்தில் 18,000 முறை துடிப்பவை. ஒரு நாளில் இது 4,32,000 துடிப்புகள் ஆகும். நாளுக்கு ஒரு நிமிடம் பிந்தும் கடிகாரத்தைச் சரியில்லாத கடிகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுவோம். ஆனால் ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால், அந்தப் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே. இவ்வளவு நுண்மையான துல்லியத்தை எட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி வேலைகள் தேவைப்பட்டன. அதனால் கடிகாரத் தொழில் தொடக்கத்திலிருந்தே பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட தொழிலாக இருந்தது.

இந்தப் பிரிவினையில் சில வேலைகள் 'கைவினை' என்றும், சில வேலைகள் 'கைவேலை' என்றும் தரம் பிரிக்கப்பட்டன. முதல் வகைக்குப் பயிற்சிக் காலமும் பட்டமும் சங்க உறுப்புரிமையும் கிடைத்தன. இரண்டாம் வகைக்கு எண்ணிக்கைக் கூலி மட்டுமே கிடைத்தது. எந்த வேலை எந்த வகையில் சேரும் என்பது அதன் கடினத்தைப் பொறுத்து மட்டும் முடிவாகவில்லை. அதைச் செய்பவர் யார் என்பதும் அதை முடிவுசெய்தது.

தொடக்க காலம்

லண்டன் கடிகாரச் செய்வோர் சங்கம் 1631-இல் அரச பட்டயம் பெற்றது. இத்தகைய சங்கங்கள் ஆண்களின் அமைப்புகளாகவே இயங்கின. கணவர் இறந்தபின் அவருடைய பட்டறையை மனைவி தொடர்ந்து நடத்துவதே பெண்களுக்கு இருந்த முதன்மையான வழியாகும். தந்தையின் பட்டறையிலும் கணவரின் பட்டறையிலும் பெண்கள் செய்த வேலை, அந்த ஆணின் பெயரிலேயே வெளியே சென்றது.

பிரான்சைச் சேர்ந்த நிக்கோல்-ரென் லெபோத் (1723–1788) இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கணிதத்திலும் வானியலிலும் புலமை பெற்ற அவர், அரசவைக் கடிகாரம் செய்த ஷான்-ஆந்த்ரே லெபோத்தின் மனைவி ஆவார். கணவர் 1755-இல் வெளியிட்ட கடிகாரவியல் நூலுக்காக, வெவ்வேறு நீளமுள்ள ஊசல்கள் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை ஆடும் என்ற அட்டவணையை அவர் கணக்கிட்டுத் தந்தார். பின்னர் ஹாலி வால்மீன் திரும்பி வரும் நாளைக் கணிக்கும் பணியில் அலெக்சிஸ் கிளேரோ, ஜெரோம் லலாந்து ஆகியோருடன் மாதக்கணக்கில் உழைத்தார். 1759 ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி, ஒரு மாதம் முன்பின்னாக அது சூரியனை நெருங்கும் என்று அவர்கள் கணித்தனர். மார்ச் 13 அன்று அது நிகழ்ந்தது. ஆயினும் கிளேரோ அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. லலாந்து தம் எழுத்துகளில் அவரது பங்கை வெளிப்படையாகப் பதிவுசெய்ததால்தான் அது இன்று தெரிகிறது.

படிப்பு வாய்ப்பு இல்லாத ஏழைப் பெண்களின் நிலை வேறு. இங்கிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 1790 முதல் கடிகாரங்களுக்கான நுண்சங்கிலி செய்யும் தொழில் நடைபெற்றது. பழைய கடிகாரங்களில் சுருள்வில் விரிய விரிய அதன் விசை குறையும். அதை ஈடுசெய்ய, ஃபியூசி எனப்படும் கூம்பு வடிவ உருளையில் மெல்லிய சங்கிலி சுற்றப்பட்டது. மிதிவண்டிச் சங்கிலியைப் போன்ற அமைப்புடைய இது, குதிரை மயிர் அளவுக்கு மெலிதாக இருந்தது. பெண்களும் ஏழை விடுதிச் சிறுமிகளும் எஃகுத் தகட்டில் நுண்கண்ணிகளை வெட்டி, ஆணியடித்து இணைத்தனர். இவ்வேலை பலருடைய கண்பார்வையைக் கெடுத்தது. அந்தச் சங்கிலி இல்லாமல் அக்காலத்துச் சிறந்த ஆங்கிலக் கடிகாரங்கள் ஓடியிருக்க முடியாது. ஆனால் அதைச் செய்தவர்களின் பெயர் அவற்றில் இல்லை.

சுவிட்சர்லாந்தின் சுருள்வில் பணிப்பெண்கள்

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் கடிகாரத் தொழில் குடிசைத் தொழிலாக வளர்ந்தது. பனிக்காலத்தில் உழவு வேலை இல்லாத குடும்பங்கள் சன்னலோரம் மேசையிட்டு உறுப்புகளைச் செய்து வணிகர்களிடம் கொடுத்தன. குடும்பம் முழுவதும் இதில் ஈடுபட்டதால், கூலியும் குடும்பத் தலைவர் கையிலேயே சேர்ந்தது.

இங்கு பெண்களுக்குரியதாக வளர்ந்த தனித் தொழில் ஒன்று உண்டு. அதைச் செய்த பெண்கள் 'ரெக்ளோஸ்' எனப்பட்டனர். 'சீரமைப்பவள்' என்பது அதன் பொருள். மயிரிழைச் சுருள்வில்லைச் சமநிலைச் சக்கரத்துடன் பொருத்தி, அது சரியான எண்ணிக்கையில் துடிக்கிறதா என ஒப்பிட்டு, நீளத்தைத் திருத்தி, வளைவைச் சாமணத்தால் வடிவமைப்பது அவர்களுடைய பணியாகும். கடிகாரம் சரியான நேரம் காட்டுமா என்பது இந்தப் பணியைப் பெரிதும் சார்ந்திருந்தது.

நூஷாத்தெல், ஜெனீவா வானாய்வகங்கள் துல்லியக் கடிகாரங்களுக்குப் போட்டி நடத்திப் பரிசளித்து வந்தன. அப்பட்டியல்களில் நிறுவனத்தின் பெயரும், கடிகாரத்தைச் சீரமைத்த வல்லுநரின் பெயரும் இடம்பெறும். அந்த வல்லுநர்கள் பெரும்பாலும் ஆண்களே. அன்றாட விற்பனைக்குரிய பெருந்தொகைக் கடிகாரங்களுக்கு இதே வகைப் பணியைச் செய்த பெண்கள் அப்பட்டியல்களுக்கு வெளியே நின்றனர்.

தொழிற்சாலைக் காலம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வால்தம் நகரில் 1854-இல் அமைந்த தொழிற்சாலை இத்தொழிலை மாற்றியது. அங்கு எந்திரங்கள் ஒரே அளவிலான உறுப்புகளைச் செய்தன. ஒரு கடிகாரத்தின் உறுப்பை மற்றொன்றில் பொருத்த முடிந்தது. வால்தம் தொழிலாளர்களில் பெண்கள் பெரும் பங்கினராக இருந்தனர். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள திருகாணிகளையும் அச்சுகளையும் அவர்கள் கையாண்டனர்.

1876-இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு வந்த சுவிஸ் குழுவினர் இம்முறையைக் கண்டு அதிர்ந்தனர். லாஞ்ஜீன் நிறுவனப் பொறியாளர் ஷாக் தவித் எழுதிய அறிக்கை, சுவிட்சர்லாந்தும் எந்திரமயமாக வேண்டும் என்று எச்சரித்தது. அதன்பின் ஜூராவிலும் பெரிய தொழிற்சாலைகள் பெருகின. வீட்டில் வேலை செய்த பெண்கள் ஆலைக்கு வந்தனர். இப்போது கூலி அவர்கள் கையிலேயே வந்தது. ஆனால் எந்திரங்களை அமைப்பவராகவும் மேற்பார்வையாளராகவும் ஆண்களே அமர்த்தப்பட்டனர்.

ரேடியம் பெண்கள்

இத்தொழிலின் மிகத் துயரமான பகுதி 1917-இல் நியூஜெர்சியின் ஆரஞ்சு நகரில் தொடங்கியது. முதல் உலகப்போரில் வீரர்கள் இருளிலும் நேரம் பார்க்க வேண்டியிருந்தது. ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த ஒளிரும் வண்ணத்தால் முகப்பு எண்களைத் தீட்டும் வேலை இளம்பெண்களிடம் கொடுக்கப்பட்டது. ஒரு முகப்புக்கு இவ்வளவு என்று கூலி. தூரிகை நுனி கூராக இருந்தால்தான் மெல்லிய கோடு வரும் என்பதால், அதை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு ரேடியம் வயிற்றுக்குள் சென்றது.

ரேடியம் வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்தது. எனவே உடல் அதை எலும்பில் சேர்த்துவைக்கிறது. அங்கிருந்து அது ஆண்டுக்கணக்கில் கதிர்களை வெளியிடும். பற்கள் விழுந்து, தாடை எலும்பு அரித்து, இரத்தசோகை கண்டு பெண்கள் இறக்கத் தொடங்கினர். 1922-இல் இறந்த மோலி மாஜியாவின் மரணத்துக்குப் பால்வினை நோய் காரணம் என்று பதிவுசெய்யப்பட்டது. 1927-இல் உடலைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தபோது எலும்புகளில் ரேடியம் இருப்பது உறுதியானது. நோய்க்கு உள்ளான பெண்களின் நற்பெயரும் அந்தப் பொய்க் காரணத்தால் குலைந்திருந்தது.

கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் 1927-இல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு ஒவ்வொருவருக்கும் 10,000 டாலரும், ஆண்டுதோறும் 600 டாலரும், மருத்துவச் செலவும் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. அவ்வண்ணத்தை உருவாக்கிய சபின் வான் சோகாக்கியும் அதே 1928-இல் கதிர்வீச்சு நோயால் இறந்தார். இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரில் வேலை செய்த கேத்ரின் டோனஹ்யூ, 1938-இல் உடல் எடை குன்றி எழ முடியாத நிலையிலும் சாட்சி சொன்னார். தீர்ப்பு அவருக்கு ஆதரவாக அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க அமெரிக்க உச்சநீதிமன்றம் 1939-இல் மறுத்தது.

மனித உடலில் எவ்வளவு ரேடியம் வரை இருக்கலாம் என்ற வரம்பு, 1941-இல் 0.1 மைக்ரோகியூரி என்று அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை இப்பெண்களின் உடல்களில் எடுக்கப்பட்ட அளவீடுகள். கதிரியக்கத்துடன் வேலை செய்யும் எவருக்கும் இன்றுள்ள பாதுகாப்பு விதிகளின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது. இன்றைய கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வண்ணத்தால் ஒளிர்கின்றன.

பெண் உரிமையாளர்கள்

எபெல் என்ற சுவிஸ் கடிகாரப் பெயர், யூஜின் ப்ளும், அவர் மனைவி அலிஸ் லேவி ஆகிய இருவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது. 1911-இல் இருவரும் இணைந்து தொடங்கிய நிறுவனம் அது. மனைவியின் பெயரும் முகப்பில் இடம்பெற்ற அரிய நிகழ்வு இது. ஆனாலும் ஒரே ஓர் எழுத்தாகத்தான்.

வில்லரே ஊரில் பிறந்த பெட்டி ஃபிஷ்டர் (1896–1971) 1912-இல் பிளாங்பாங் நிறுவனத்தில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தார். உரிமையாளர் 1932-இல் இறந்தபின், ஆந்த்ரே லேயால் என்பவருடன் இணைந்து 1933-இல் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். நிறுவனர் குடும்பத்தினர் எவரும் பொறுப்பில் இல்லாததால், அக்காலச் சட்டப்படி பழைய பெயரை நிறுவனத்துக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. வில்லரே என்ற ஊர்ப்பெயரின் ஒலிகளை மாற்றி 'ரேவில்' எனப் பெயரிட்டனர். உலகப் பொருளாதார நெருக்கடியில் நிறுவனத்தைக் காப்பாற்றிய ஃபிஷ்டரின் தலைமைக் காலத்தில்தான், 1953-இல், முக்குளிப்போருக்கான ஃபிஃப்டி ஃபாதம்ஸ் கைக்கடிகாரம் வெளிவந்தது.

லிப் போராட்டம்

1969-இல் ஜப்பானின் சீகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலிவும் துல்லியமும் கொண்ட இவ்வகையின் வரவு ஐரோப்பியத் தொழிலை உலுக்கியது. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர்.

பிரான்சின் பெசான்சோன் நகரில் இருந்த லிப் தொழிற்சாலை குவார்ட்ஸின் தாக்கம் முழுமையாகத் தெரியும் முன்பே தள்ளாடியது. 1973 ஜூனில் ஆட்குறைப்புத் திட்டம் வெளிப்பட்டதும் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி, தாங்களே கடிகாரம் செய்து, தாங்களே விற்று, தங்களுக்கு ஊதியம் கொடுத்துக்கொண்டனர். செப்டம்பர் 29 அன்று அவர்களுக்கு ஆதரவாக ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஊர்வலம் சென்றனர். 1974 சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது.

லிப் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். தேர்ச்சியற்றோர் எனக் குறைந்த ஊதியம் பெற்ற பிரிவில் அவர்களே மிகுதி. போராட்ட மேடைகளில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இதைப் பற்றி லிப் பெண்கள் தனிக் கூட்டங்கள் நடத்தி, 'பெண்களின் லிப்' என்ற பொருள்படும் சிற்றேடு ஒன்றை வெளியிட்டனர். முதலாளியை எதிர்த்த போராட்டத்துக்குள்ளேயே சமத்துவம் கேட்க வேண்டியிருந்தது என்பது அச்சிற்றேடு தரும் செய்தியாகும்.

1991 சூன் 14

சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1971-இல்தான். 1981 சூன் 14 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பில் இடம்பெற்றது. பத்தாண்டுகள் ஆகியும் தொழிற்சாலைகளில் அது நடைமுறைக்கு வரவில்லை.

கடிகாரத் தொழிலின் இதயப் பகுதியான ஷூ பள்ளத்தாக்கில் வேலை செய்த பெண்கள் இதை நேரடியாக உணர்ந்தனர். அவர்களுள் ஒருவரான லிலியான் வால்செஸ்கினி, பத்தாண்டு நிறைவு நாளில் நாட்டுப் பெண்கள் அனைவரும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். தொழிற்சங்கத் தலைவர் கிறிஸ்டியான் புரூனர் அதை நாடு முழுவதும் கொண்டுசென்றார். 1991 சூன் 14 அன்று ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண்கள் அதில் கலந்துகொண்டனர். வேலைநிறுத்தமே அரிதான அந்நாட்டில் அது பெரும் நிகழ்வாகும். அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட பாலினச் சமத்துவச் சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கே நேரம் குறித்துக் கொடுத்தவர்கள் ஒரு மலைப் பள்ளத்தாக்கின் கடிகாரத் தொழிலாளிகள்.

2019-இல் அதே நாளில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தபோது, பிற்பகல் 3 மணி 24 நிமிடத்துக்கு வேலையை விட்டு வெளியேறும்படி அழைப்பு விடுக்கப்பட்டது. ஊதிய வேறுபாட்டைக் கணக்கிட்டால், அந்நேரத்துக்குப் பின் பெண்கள் கூலியின்றியே உழைக்கின்றனர் என்பது அதன் பொருள்.

இந்தியாவில்

இந்தியாவில் கைக்கடிகார உற்பத்தி பெரிய அளவில் 1961-இல் தொடங்கியது. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூரில் தொழிற்சாலை அமைத்தது. உறுப்புகளை ஒன்றுசேர்க்கும் பிரிவில் பெண்கள் கணிசமாக வேலைக்குச் சேர்ந்தனர். பார்வையற்றோர் முள்ளைத் தொட்டு நேரம் அறியும் பிரெயில் கைக்கடிகாரங்களையும் அந்நிறுவனம் செய்தது.

1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. கடிகாரத் தொழில் மரபு இல்லாத அப்பகுதியில், பள்ளிப் படிப்பை முடித்த கிராமப்புற இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சி பெற்று வேலையில் அமர்ந்தனர். மாற்றுத்திறனாளிகளுக்கும் தொடக்கத்திலிருந்தே வேலை வழங்கப்பட்டது.

1990-களில் மைராடா என்ற தன்னார்வ அமைப்பின் உதவியுடன், சுற்றுவட்டாரக் கிராமங்களின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் டைட்டனுக்குத் தேவையான உலோகப் பட்டைகளின் கண்ணிகளைக் கோக்கும் வேலையை எடுத்துச் செய்தன. இப்பெண்கள் பின்னர் மீடோ என்ற பெயரில் தங்களுக்கென ஒரு நிறுவனத்தை அமைத்துக்கொண்டனர். கிரைஸ்ட்சர்ச் பெண்கள் செய்ததும் கண்ணி கோக்கும் வேலைதான். ஆனால் இங்கு வேலை செய்பவர்களுக்கே நிறுவனத்தில் பங்கு இருந்தது.

பிற வேறுபாடுகள்

இத்தொழிலில் புறந்தள்ளப்பட்டவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். அதேவேளையில், வெளியிலிருந்து வந்தவர்களே தொழிலைப் பல இடங்களில் வளர்த்துள்ளனர். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து சமயத் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த புராட்டஸ்டண்டு அகதிகள் ஜெனீவாவின் கடிகாரத் தொழிலுக்கு வலுச் சேர்த்தனர். லா ஷோ-த-ஃபோன் நகரில் யூதக் குடும்பங்கள் முக்கிய நிறுவனங்களைத் தொடங்கின. இன்றும் ஜூராவின் ஆலைகளுக்குப் பிரான்சிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து வருவோர் மிகப் பலர்.

இன்றைய நிலை

சுவிஸ் கடிகாரத் தொழிலாளர்களில் பெண்கள் பாதிக்குச் சற்றுக் குறைவாக உள்ளனர். உயர் பொறுப்புகளிலும் சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. நைலா ஹயக் 2010 முதல் ஸ்வாட்ச் குழுமத்தின் இயக்குநர் குழுத் தலைவராக உள்ளார். கேத்ரின் ரெனியே 2018-இல் ஜெஜெ-லெகூல்த்ர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இலாரியா ரெஸ்தா 2024 சனவரியில் ஒதமார் பிகே நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் ஆனார். ஜெர்மனியின் கிளாஷூட்டே நகரில் கிறிஸ்டீன் ஹட்டர் 2008-இல் மோரிட்ஸ் குரோஸ்மன் நிறுவனத்தை மீட்டெடுத்தார்.

வடிவமைப்பிலும் பெயர்கள் தெரியத் தொடங்கியுள்ளன. கரோல் ஃபொரெஸ்தியே-கசாப்பி 1997-இல் பரிசு பெற்ற தம் இயக்க வடிவமைப்பின் வழியாக, 2001-இல் வெளிவந்த யுலிஸ் நார்டன் ஃபிரீக் கடிகாரத்துக்கு அடித்தளமிட்டார். பின்னர் கார்த்தியே நிறுவனத்தின் இயக்க வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். பர்மிங்காமைச் சேர்ந்த ரெபெக்கா ஸ்ட்ரதர்ஸ் 2017-இல் கடிகாரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். தொழில்முறையில் கடிகாரம் செய்பவர் ஒருவர் பிரித்தானியாவில் இப்பட்டம் பெற்றது அதுவே முதல்முறை.

ஆயினும் தலைமைப் பொறுப்பில் சில பெண்கள் இருப்பதும், உற்பத்திக் கூடத்தில் இருக்கும் பெண்களின் நிலை உயர்வதும் ஒன்றல்ல. பொருத்தும் வேலை குறைந்த ஊதியப் பிரிவாகவும், சிக்கலான இயக்கங்களை உருவாக்கும் வேலை உயர்ந்த பிரிவாகவும் இன்றும் பிரிந்தே உள்ளன. முதல் பிரிவில் சேர்ந்த ஒரு பெண் பயிற்சி பெற்று இரண்டாம் பிரிவுக்குச் செல்ல வழி இருக்கிறதா, அங்கே அவருக்குச் சம ஊதியம் கிடைக்கிறதா, அவர் செய்த வேலை அவர் பெயரிலேயே பதிவாகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் சமத்துவத்தை மதிப்பிடலாம்.